ஊமைப்படக் காலத்துப் பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிண்டரின் படங்களை யாராவது முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா?

கூடல்வாசி:

2009இல் வந்த டரான்டினோவின் போர்ப் படத்தில் ஒரு காட்சி. ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பாரிஸ். ஒரு பெண் ஏணியில் நின்று திரையரங்கு முகப்பின் எழுத்துகளைக் கழற்றிக்கொண்டிருப்பாள். கீழே நிற்கும் சிப்பாய் நாளை என்ன படம் என்று கேட்பான். மாக்ஸ் லிண்டர் படவிழா என்பாள். தனக்குச் சாப்ளினைவிட லிண்டரைத்தான் பிடிக்கும் என்பான் அவன். ஆனால் ‘த கிட்’ அளவுக்கு ஒன்றை லிண்டர் எடுக்கவில்லை என்று தானே ஒரு கொக்கியும் போடுவான். டரான்டினோவின் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அந்தப் பெயர் காதில் ஏறவில்லை.

சென்ற வாரம் தூக்கம் வராத ஓர் இரவில் ‘செவன் இயர்ஸ் பேட் லக்’ (1921) கண்ணில் பட்டது. பழைய படம், பத்து நிமிடம் பார்த்தால் தூக்கம் வந்துவிடும் என்ற கணக்கில்தான் போட்டேன். கதை எளியது. வேலைக்காரர்கள் எஜமானரின் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சமையல்காரனுக்கு எஜமானரைப் போலவே வேடமிட்டு வெறும் சட்டத்துக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இரவு குடித்த மயக்கம் தெளியாத மாக்ஸ் அதன் முன் நின்று முகச்சவரம் செய்கிறார். அவர் செய்வதையெல்லாம் ‘பிம்பம்’ செய்கிறது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இருந்து அம்மா எழுந்து வந்துவிட்டார்.

யார் இந்த மனிதர்? எங்கே தேடினாலும் ‘சாப்ளினின் முன்னோடி’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:

கூடல்வாசி, நல்ல கேள்வி. இருபது ஆண்டுகள் ஒரு திரைப்படச் சங்கத்தில் பதினாறு மில்லிமீட்டர் படச்சுருள்களை ஓட்டியவன் நான். லிண்டரின் பெட்டி ஒன்றே ஒன்றுதான் எங்களுக்கு வந்தது. அதையும் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இயற்பெயர் கப்ரியேல் மாக்ஸிமிலியன் லவியேல். பிறந்தது 1883 டிசம்பர் 16, போர்தோ நகரத்துக்கு அருகில் உள்ள சேன்-லூபே என்ற ஊர். திராட்சைத் தோட்டக் குடும்பம். சகோதரர் மோரிஸ் பிரான்ஸ் அணிக்காக ரக்பி ஆடியவர். மாக்ஸுக்குத் தோட்டமும் பிடிக்கவில்லை, விளையாட்டும் பிடிக்கவில்லை, நாடகப் பைத்தியம். போர்தோவில் நடிப்புப் படித்துவிட்டு 1904இல் பாரிஸுக்குப் போனார். மேடையில் சின்னச் சின்ன வேடங்கள்தான் கிடைத்தன. 1905 முதல் பகலில் பாத்தே நிறுவனத்தின் படப்பிடிப்பு, இரவில் நாடக மேடை என்று இரட்டை ஓட்டம். நாடகக்காரர்கள் சினிமாவைச் சந்தைக் கூத்தாகப் பார்த்த காலம் அது. சினிமாவில் முகம் காட்டினால் மேடையில் மதிப்புப் போகும்.

1907இல் பனித்தரையில் சறுக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவனாக நடித்தார். உறைந்த ஏரி; அதில் பட்டுத் தொப்பியும் வால் கோட்டும் கைத்தடியுமாக ஒரு கனவான்; நிற்க முடியாமல் விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் பிற்கால மாக்ஸ் அந்த உடையில்தான் பிறந்தார். அந்த நிறுவனத்தின் பெரிய நகைச்சுவை நடிகரான ஆந்த்ரே தீத் இத்தாலியில் டூரின் நகரத்துக்குப் போய்விட, வெற்றிடம் இவருக்குக் கிடைத்தது. 1911 வாக்கில் எழுதுவது, இயக்குவது, நடிப்பது மூன்றும் அவரே.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் உலகப் போருக்கு முன் உலகத்தின் மிகப் பெரிய திரைப்பட நிறுவனம் ஹாலிவுட்டில் இல்லை; அது பாத்தே. மாஸ்கோவிலும் நியூயார்க்கிலும் அவர்களுக்குக் கிளைகள் இருந்தன. பாரிஸில் எடுத்த பத்து நிமிடப் படம் ஊர் ஊராகப் போகும். பேச்சு இல்லாததால் மொழித் தடையும் இல்லை. படத்தின் தலைப்பிலேயே ‘மாக்ஸ்’ என்று பெயர். ‘மாக்ஸ் குளிக்கிறார்’, ‘மாக்ஸ் காளையை அடக்குகிறார்’, ‘மாக்ஸ் டாங்கோ கற்பிக்கிறார்’ என்று போய்க்கொண்டே இருக்கும். நடிகரின் பெயரைத் திரையில் போடுவதே வழக்கமில்லாத நாளில் மக்கள் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டார்கள்.

ழகரம்:

சிறு திருத்தம். பிரெஞ்சு உச்சரிப்பில் அது ‘லேந்தேர்’ என்பதற்கு நெருக்கமாக வரும், மூக்கொலியோடு. ‘லிண்டர்’ என்பது ஆங்கில வழி வந்த வடிவம்.

கூடல்வாசி:

ழகரம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘லேந்தேர்’ என்று தேடினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. இழையில் லிண்டர் என்றே இருக்கட்டும்.

மழைக்காகிதம்:

ரீல்பெட்டி ஐயா பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒரே படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1911இல் வந்தது; ‘சத்து மருந்துக்குப் பலியான மாக்ஸ்’ என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் உடம்புக்கு ஆகும் என்று சின்கோனாப் பட்டை ஊறவைத்த ஒயின் எழுதித் தருகிறார். மாக்ஸ் அதைப் பெரிய குவளை நிறைய ஊற்றிக் குடித்துவிட்டுத் தெருவில் இறங்குகிறார். போகிற இடமெல்லாம் தகராறு. ஒவ்வொரு பெரிய மனிதரும் கோபத்தில் அவரை ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு அழைத்து, மரபுப்படி தன் முகவரிச் சீட்டை நீட்டுகிறார். கடைசியில் தெருவில் தள்ளாடும் மாக்ஸைப் போலீஸ்காரர் பிடிக்கிறார். சட்டைப் பையில் கையை விட்டால் ஒரு பெரிய அதிகாரியின் சீட்டு! உடனே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, பத்திரமாக அந்த அதிகாரியின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அங்கிருந்து துரத்தினால் அடுத்த போலீஸ்காரர், அடுத்த சீட்டு, அடுத்த சல்யூட்.

இதில் குடிகாரனைப் பார்த்து யார் சிரிக்கிறோம்? சிரிப்பு முழுவதும் அந்தச் சல்யூட்டில் இருக்கிறது. ஒரு சாண் அட்டைக்கு வணங்கும் சீருடை. சாப்ளினின் நாடோடியைப் போலீஸ்காரர் கண்டவுடன் விரட்டுவார், ஏனென்றால் அவன் உடை அப்படி. மாக்ஸைக் கண்டவுடன் தொப்பியைத் தொடுவார், ஏனென்றால் இவர் உடை இப்படி. நாடோடியிடம் இழக்க ஒன்றுமில்லை. மாக்ஸிடம் இழக்க எல்லாமே இருக்கிறது: தொப்பி, கையுறை, வரப்போகும் மாமனாரின் நல்லெண்ணம். பத்து நிமிடமும் அதைக் காப்பாற்றத்தான் படாத பாடு படுகிறார். காலணி கடித்தால்கூட முகத்தில் காட்டாமல் புன்னகைக்க வேண்டிய வர்க்கம். அந்தப் புன்னகையைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

அவரிடம் முகத்தைக் கோணல்மாணலாக ஆக்கும் வேலை குறைவு என்பதையும் கவனியுங்கள். அந்தக் கால நகைச்சுவைப் படங்களில் ஆட்கள் ஓடுவார்கள், மோதுவார்கள், மாவுக் குதிருக்குள் விழுவார்கள். இவர் நின்ற இடத்தில் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார். கேமரா அசையாது, ஆள் முழுதாகத் தெரிவார், அதற்குள்தான் எல்லாம்.

அரைக்கண்ணாடி:

எல்லோரும் ஒரே பக்கம் பாடுகிறீர்கள், ஒருவனாவது எதிர்ப்பாட்டுப் பாட வேண்டாமா?

கண்ணாடிக் காட்சி லிண்டரின் சொந்தச் சரக்கு இல்லை. 1916இல் சாப்ளின் ‘த ஃப்ளோர்வாக்கர்’ படத்தில், உருவ ஒற்றுமை கொண்ட இருவர் நேருக்கு நேர் நின்று கண்ணாடியோ என்று மயங்குவதைக் காட்டிவிட்டார். அதற்கு முன்பே மேடைகளில் உண்டு. 1933இல் மார்க்ஸ் சகோதரர்கள் ‘டக் சூப்’பில் செய்ததைத்தான் இன்று உலகம் நினைவில் வைத்திருக்கிறது. லிண்டரை ‘முதல் உலக நட்சத்திரம்’ என்று சிலர் சொல்வதும் சர்ச்சைக்குரியது. டென்மார்க்கின் அஸ்டா நீல்சன் 1910இலேயே ஐரோப்பாவைக் கலக்கினார். அமெரிக்காவில் அதே ஆண்டு ஃபுளோரன்ஸ் லாரன்ஸின் பெயரைப் போட்டு விளம்பரம் செய்தார்கள். கனவான் உடையில்கூட, பாத்தே நிறுவனத்திலேயே ரெனே கிரேயான் ‘கோன்த்ரான்’ என்ற ஒய்யாரப் பாத்திரத்தை முன்னரே செய்துகொண்டிருந்தார். முதல், முதல் என்று பட்டயம் எழுதுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

ரீல்பெட்டி:

அரைக்கண்ணாடி சொல்வது அத்தனையும் சரி. ஆனால் கண்ணாடிக் காட்சியில் ஒன்றைக் கவனித்தீர்களா? மற்றவர்கள் அதை ஒரு வித்தையாகச் செய்தார்கள். லிண்டர் அதற்கு ஒரு வால் வைத்தார். சமையல்காரனின் வேடத்தை மாக்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். பழிவாங்கத் தயாராகும் நேரத்தில் எதற்கோ நகர்கிறார். அந்த இடைவெளியில் சட்டத்தில் நிஜக் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். திரும்பி வந்தவர், இன்னும் அவன்தான் நிற்கிறான் என்று எண்ணி ஓங்கி எறிய, கண்ணாடி தூள்தூள். ஏழு ஆண்டு துரதிர்ஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. இல்லாத கண்ணாடியை நம்பியவர், இருக்கும் கண்ணாடியை நம்பவில்லை. பிறகு துரதிர்ஷ்டத்தைத் தவிர்க்க அவர் எடுக்கும் ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் புதிய வம்பாகிறது. நிச்சயித்த பெண் போகிறாள், பணம் போகிறது, சீட்டில்லாமல் ரயிலேறுகிறார், கடைசியில் போலீஸுக்குப் பயந்து விலங்குக் காட்சியகத்தில் சிங்கக் கூண்டுக்குள் ஒளிகிறார். மூடநம்பிக்கையைப் பற்றி இதைவிடச் சிக்கனமாக யாரும் சொன்னதில்லை என்பது என் கட்சி.

நட்சத்திரப் பட்டம் யாருக்குப் போனாலும் போகட்டும். 1912, 1913இல் அவர் சுற்றுப்பயணம் போன இடங்களைப் பாருங்கள்: பார்சிலோனா, பெர்லின், வியன்னா, புடாபெஸ்ட், மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பார்சிலோனாவில் காளைச் சண்டை அரங்கில் உண்மையிலேயே இறங்கி அதைப் படமும் எடுத்துக்கொண்டார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மேடையில் அவருக்குப் பியானோ வாசித்த இளைஞரின் பெயர் திமித்ரி தியோம்கின். பின்னாளில் ஹாலிவுட்டில் ‘ஹை நூன்’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கிய அதே தியோம்கின்தான்.

கூடல்வாசி:

இவ்வளவு உச்சத்தில் இருந்தவர் எப்படி மறைந்துபோனார்? சாப்ளின் வந்ததாலா?

ரீல்பெட்டி:

சாப்ளினைவிடப் போர்தான் காரணம். 1914இல் போர் வந்ததும் பிரெஞ்சு ஸ்டூடியோக்கள் வெறிச்சோடின. லிண்டர் ராணுவத்துக்குப் போனார், உடல் கெட்டுத் திரும்பினார். இறந்துவிட்டார் என்றே ஒருமுறை வதந்தி பரவியது. அவருக்கு உடம்பு முன்பும் நல்லதில்லை. 1910 கடைசியில் வயிற்று நோயால் சாவின் விளிம்புக்குப் போய் வந்தவர். போர் முடிவதற்குள் உலகச் சந்தை அமெரிக்கர் கைக்குப் போய்விட்டது. கடை மூடிய பிறகு நல்ல சரக்கு வைத்திருந்து என்ன பயன்?

இடையில் ஒரு வேடிக்கை. சாப்ளின் 1916இல் எஸ்ஸனே என்ற அமெரிக்கப் பட நிறுவனத்தை விட்டு மியூச்சுவல் என்ற இன்னொரு நிறுவனத்துக்குப் போனார். எஸ்ஸனேக்காரர்கள் அந்த இடத்தை நிரப்ப அழைத்தது யாரை? லிண்டரை! பன்னிரண்டு படம் ஒப்பந்தம், வாரத்துக்கு 5,000 டாலர். மாணவன் காலிசெய்த நாற்காலியில் ஆசிரியரை உட்காரவைத்து, ‘பார், இவரும் அவரைப் போலவே’ என்று விளம்பரம். மூன்று படத்தோடு முடிந்தது. நுரையீரல் நோய் வந்து 1917இல் ஊர் திரும்பினார்.

சாப்ளின் அவருக்குக் கொடுத்த புகைப்படத்தில், பேராசிரியர் மாக்ஸுக்கு அவருடைய சீடன் என்ற பொருளில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். எழுதியது பெருந்தன்மைதான். ஆனால் அந்த ஒரு வரிதான் லிண்டரை ஆயுளுக்கும் அடிக்குறிப்பாக்கிவிட்டது.

1919இல் பிரான்ஸில் ‘லெ பெத்தீ கஃபே’ நன்றாக ஓடியது. பிறகு மறுபடி அமெரிக்கா, இந்த முறை சொந்தத் தயாரிப்பு. கூடல்வாசி பார்த்தது அதில் முதல் படம். அடுத்து ‘பீ மை வைஃப்’. மூன்றாவது, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் வாள்வீரர் படத்தைக் கேலி செய்த ‘த த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்’ (1922). பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸில் தொலைபேசி ஒலிக்கும், வீரர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். மூன்றுமே பெரிய வசூல் இல்லை. மனம் கசந்து திரும்பினார்.

தாமிரபரணி:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் தொடாத இடத்தை நான் தொடுகிறேன், கோபிக்காதீர்கள்.

1923இல் அவர் எலென் பீட்டர்ஸ் என்ற பெண்ணை மணந்தார். வீட்டில் நினெத் என்று அழைப்பார்கள். அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, அந்தப் பெண் பதின்வயதைத் தாண்டவே இல்லை. 1924 தொடக்கத்தில் வியன்னாவில் இருவரும் அளவுக்கு மீறித் தூக்க மருந்து உட்கொண்டு உயிர் பிழைத்தார்கள். வெளியே தவறுதலாக நடந்தது என்று சொன்னார்கள். அதே ஆண்டு ஜூன் 27இல் மகள் மோத் பிறந்தாள். மாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1925 அக்டோபர் கடைசி இரவில் பாரிஸ் விடுதி ஒன்றில் இருவரும் இறக்கும் நிலையில் கண்டெடுக்கப்பட்டார்கள். குழந்தைக்குப் பதினாறு மாதம்.

எங்கே வாசித்தாலும் ‘தம்பதியின் தற்கொலை ஒப்பந்தம்’ என்று ஒரே வரி. ஒப்பந்தம் என்றால் இரு தரப்புக்கும் சம வலிமை இருக்க வேண்டும். அவர் மனச்சோர்விலும் கடும் சந்தேகப் புத்தியிலும் இருந்தார் என்று வரலாற்றாசிரியர்களே எழுதுகிறார்கள். அந்தப் பெண் உண்மையில் சம்மதித்தாளா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. ‘மேதையின் சோக முடிவு’ என்று தலைப்பிட்டு அவளை அந்தத் தலைப்புக்குள் புதைத்துவிடுகிறோம். அது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

அரைக்கண்ணாடி:

படைப்பையும் வாழ்க்கையையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பார்ப்பதற்கு ஒரு படமும் மிஞ்சாது.

தாமிரபரணி:

படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்றேன், அவ்வளவுதான். ‘பீ மை வைஃப்’ படத்தில் பொறாமைக்காரக் கணவனாக அவர் படும் பாடு அத்தனையும் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு தேதிகளை வாசித்தேன். இரண்டாம் முறை போட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன்.

மழைக்காகிதம்:

தாமிரபரணி அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லை நானும் யோசிக்காமல் பயன்படுத்தியவன்தான், முந்தைய ஓர் இழையில். திருத்திவிட்டேன்.

தாமிரபரணி:

நன்றி. மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோத் லிண்டருக்கு அப்பாவின் குரல் தெரியாது, நடை தெரியாது. உறவினர் யார் வளர்ப்பது என்று வழக்காடிய பிள்ளை. வளர்ந்த பிறகுதான் அப்பாவைத் திரையில் கண்டார். அப்போது படங்கள் பெரும்பாலும் இல்லாமலே போயிருந்தன. சில நூறு படங்கள் எடுத்தவருக்கு மிஞ்சியது ஒரு சிறு பகுதி. அந்தக் காலப் படச்சுருள் தீப்பிடிக்கக்கூடியது; ஓடி முடிந்ததும் குப்பை. மோத் நாடு நாடாகத் தேடிப் பிரதிகளைச் சேர்த்தார். 1963இல் அப்பாவின் மூன்று அமெரிக்கப் படங்களில் இருந்து ஒரு தொகுப்புப் படம் தந்தார். 1983இல் ‘பட்டுத் தொப்பி மனிதர்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆவணப்படம் எடுத்தார். 2017இல், 93 வயதில் காலமானார். தன்னைப் பதினாறு மாதத்தில் தனியே விட்டுப் போன ஒருவருக்காக ஒரு பெண் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார். அது அன்பா, கோபமா, கணக்குத் தீர்ப்பதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரைக்கண்ணாடி:

அந்த ஆவணப்படத்தை நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டுப் பேசுகிறேன். என் முந்தைய பதிவு அவசரத்தில் எழுதியது.

கூடல்வாசி:

இழை நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் நல்லதுதான். நேற்று ‘மஸ்ட்-கெட்-தேர்ஸ்’ பார்த்தேன். கேலிப் படம் என்றால் மூலத்தைத் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது, பாதி புரியவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் சிரித்தேன். அடுத்து எது? பாரிஸில் அவர் பெயரில் திரையரங்கு இருப்பதாகவும் கேள்விப்பட்டேன், உண்மையா?

ரீல்பெட்டி:

உண்மை. புவாசோனியேர் பெருஞ்சாலையில் இருக்கிறது. அவரே தன் பெயரில் நடத்திய அரங்கு. பிறகு பல கை மாறி, புதுப்பிக்கப்பட்டு, அதே பெயரோடு இன்றும் படம் ஓட்டுகிறது. லிபூர்ன் என்ற ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கும் அவர் பெயர். அவரை அடக்கம் செய்தது பிறந்த ஊரான சேன்-லூபேயில்.

அடுத்து அமெரிக்கப் படங்களை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். மழைக்காகிதம் சொன்ன 1911 படத்தில் தொடங்குங்கள். பிறகு 1907இன் பனிச்சறுக்கு. இரண்டுக்கும் நடுவே நான்கே ஆண்டுதான். ஆனால் ஒரு மனிதர் தொழில் கற்றுக்கொண்டது கண்கூடாகத் தெரியும். 1907 படத்தில் விழுவதுதான் சிரிப்பு. 1911 படத்தில் விழாமல் நிற்கப் பார்ப்பது. அதன் பிறகு ஆபெல் கான்ஸ் இயக்கிய ‘ஓ செகூர்!’ (1924). பேய் வீட்டில் நள்ளிரவு வரை தாக்குப்பிடிக்க முடியுமா என்று பந்தயம். பாதி சிரிப்பு, பாதி நடுக்கம். அதில் லிண்டரின் முகத்தைப் பாருங்கள், பழைய மாக்ஸ் இல்லை. கண்களுக்குக் கீழே வேறு ஏதோ வந்துவிட்டது. கான்ஸ் அதைத் தெரிந்தே அருகில் போய்ப் படம்பிடித்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் யாரோ ஒரே பியானோத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பார்கள். படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேகமும் சில பிரதிகளில் தவறாக இருக்கும், ஆட்கள் எலி போல ஓடுவார்கள். ஓட்ட வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மாக்ஸ் நடக்கத் தொடங்குவார்.

கூடல்வாசி:

குறைத்துப் பார்த்தேன், முக்கால் வேகத்தில். அந்தப் போலீஸ்காரர் சல்யூட் அடிக்கும் முன் சீட்டை இரண்டு முறை படிக்கிறார். முழு வேகத்தில் அது தெரியவே இல்லை.